9.10 என்றால் எவ்வளவு?

மேஸ்திரி துண்டுத்தாளில் 9.10 என்று எழுதித் தருகிறார். அவர் கணக்கில் அது ஒன்பது அடி பத்து இன்ச். அதை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும் பையன் அடியைத் தசமத்தில் வைத்திருந்தால் அது 9.1 அடி, அதாவது ஒன்பது அடி ஒரு இன்ச் சொச்சம். ஏறக்குறைய 9 இன்ச் காணாமல் போயிற்று. ஒரு செங்கல் சுவரின் தடிமன் அது. இருவரும் தங்கள் மேல் தப்பில்லை என்று சாதிப்பார்கள். குளியலறையில் வாளி வைக்க இடமிருக்காது.

வீட்டு பிளான், மனைப்பிரிவு, சாலை, சாக்கடை எல்லாமே இன்று கணினியில்தான் வரையப்படுகின்றன. சர்வேயரின் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி பெரும்பாலும் மீட்டரில் தருகிறது. எஃப்எம்பி எனப்படும் புலப்படத்தில் மீட்டர். மிகப் பழையதானால் சங்கிலி அளவான லிங்க். நாம் பேசுவதோ அடி, சென்ட், கிரவுண்ட். ஆட்டோகேடுக்கு 12 என்பது வெறும் 12தான். அது மீட்டரா இன்ச்சா என்று சொல்வது ஃபைலுக்குள் இருக்கும் ஒரு சின்ன அமைப்பு. எந்த டெம்ப்ளேட்டில் வரையத் தொடங்கினார்களோ, அதிலிருந்து அது சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பெரிய பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். மீட்டரில் வரைந்ததை மில்லிமீட்டர் படத்துக்குள் தப்பாகச் செருகினால் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் புள்ளியாய்க் கிடக்கும்; யார் கண்ணிலும் படும். சின்னப் பிழைதான் ஆளை ஏமாற்றும். மீட்டரை அடியாக்க 3.28084 என்று போடாமல் 3.28 என்று போட்டால் 100 மீட்டரில் ஒரு இன்ச் குறையும். சிவில் 3டி மென்பொருளில் இன்னொரு பொறி உண்டு. அதில் சர்வதேச அடி, அமெரிக்க சர்வே அடி என்று இரண்டு அடிகள். பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குதான் வித்தியாசம். ஆனால் யூடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையில் சென்னையின் வடக்குத் தூரம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 14.5 லட்சம் மீட்டர். அந்த எண்ணில் அடியை மாற்றிப் பிடித்தால் மனை ஏறக்குறைய 2.9 மீட்டர் நகர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் போய் உட்காரும். அமெரிக்காவே அந்த சர்வே அடியை 2022 டிசம்பரோடு கைவிட்டுவிட்டது.

இதையெல்லாம்விட மோசமானது ஒன்று உண்டு. கோட்டைத் திருத்தச் சோம்பி, அதன்மேல் உள்ள அளவு எழுத்தை மட்டும் அழித்து வேறு எண்ணைத் தட்டிவிடுவது. காகிதத்தில் 30 அடி என்றிருக்கும்; கோடு 29 அடி 4 இன்ச் இருக்கும். பரப்பளவும் பொருள் கணக்கும் கோட்டிலிருந்துதான் எடுக்கப்படும். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. மறைப்பு என்றுதான் சொல்வேன்.

சரிசெய்ய வழி எளிது. நேரில் டேப் வைத்து அளந்த ஒரு நீளத்தை, உதாரணமாக மனையின் முன்பக்கத்தை, படத்தில் டிஸ்ட் கட்டளையால் அளந்து பார்க்க வேண்டும். 18.40 மீட்டருக்குப் படத்தில் 60.37 வந்தால் படம் அடியில் இருக்கிறது. 18,400 வந்தால் மில்லிமீட்டரில். யூனிட்ஸ் பெட்டியில் பெயரை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே வரைந்த கோடுகள் அசையாது என்பதை டிராஃப்ட்ஸ்மேன்களே பலர் மறந்துவிடுகிறார்கள். சரியான அலகில் புதுப் படம் தொடங்கி, பழையதை அதன் அலகைச் சரியாகக் குறித்துவிட்டு 0,0 புள்ளியில் செருகுவதே பத்திரம். ஸ்கேல் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கும் அடிப்புள்ளி 0,0தான். வேறு இடத்தைப் பிடித்தால் வடிவம் சரியாகும், இருப்பிடம் தவறும். சர்வே புள்ளிகளையும் தரைமட்டப் பரப்பையும் இழுத்துச் சுருக்காமல், மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

வீடு கட்டுகிறவர் இதையெல்லாம் கற்க வேண்டியதில்லை; கேட்டு வாங்கினால் போதும். ஒப்பந்தத்திலேயே "அளவுகள் அனைத்தும் மீட்டரில், இறுதி கேட் ஃபைலும் கையெழுத்திட்ட பிடிஎஃப்பும் ஒப்படைக்கப்படும்" என்று எழுதிக்கொள்ளுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டத்தில் வீடோ மனையோ வாங்கினால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பெற 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. கட்டுமானக் குறைக்கு, வீடு கைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. தனி வீட்டுக்குப் பொறியாளரிடம் காசு கொடுத்து பிளான் போட்டவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். வாய்ப்பேச்சை மட்டும் வைத்து ஆணையத்தில் வாதாடுவது கடினம். அளவு எழுதித் தந்த துண்டுத்தாளைக்கூடப் படமெடுத்து வையுங்கள்.

கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று காலை, மேஸ்திரி வருவதற்கு முன் ஒரு டேப்போடு போய், பிளானில் உள்ள ஒரே ஒரு அளவை நீங்களே அளந்து பாருங்கள்.