பன்றிக் காய்ச்சல் ஒழிப்பு: தடுப்பூசி மட்டும் போதுமா?

நமது நாட்டில் பன்றி வளர்ப்பு பெரும்பாலும் சிறு விவசாயிகளையும், நிலமற்ற தொழிலாளரையும், பழங்குடி மக்களையும் சார்ந்த தொழிலாகும். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த பன்றிகள் 90.6 லட்சம், 2012-ஐவிட இது 12 சதவிகிதம் குறைவு. அஸ்ஸாமில் மட்டும் சுமார் 21 லட்சம் பன்றிகள் இருந்தன. கொல்லையில் இரண்டு மூன்று பன்றிகள் வைத்திருக்கும் குடும்பத்திற்கு அவையே சேமிப்பு. அச்சேமிப்பை ஓரிரு வாரங்களில் அழித்துவிடக் கூடியது கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல்.

இது மனிதரைத் தாக்குவதில்லை; பன்றிக் காய்ச்சல் என்று மக்கள் வழங்கும் இன்புளுயன்சா வேறு. 2020-இல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் வேறு வைரசினால் வருவது.

நோய் பரவும் விதம்

நோயுற்ற பன்றியின் உமிழ்நீர், சிறுநீர், சாணம் ஆகியவற்றாலும், வேக வைக்காத இறைச்சிக் கழிவைத் தீனியாக இடுவதாலும் இது பரவுகிறது. சினைப் பன்றிக்குத் தொற்றினால், பார்வைக்கு நலமாகத் தோன்றும் குட்டிகளும் வைரசைப் பரப்பக்கூடும்.

தடுப்பூசியின் வரலாறு

1964 முதல் இந்தியாவில் முயலின் மண்ணீரலிலிருந்து தடுப்பூசி தயாரிக்கப்பட்டு வந்தது. ஒரு முயலிலிருந்து கிடைப்பது 50 டோஸ் மட்டுமே. நாட்டின் ஆண்டுத் தேவையோ 2.2 கோடி டோஸ். அதாவது, இம்முறையில் அத்தேவையை நிறைவு செய்ய ஆண்டுக்கு 4,40,000 முயல்களைக் கொல்ல வேண்டும்! உற்பத்தி சுமார் 12 லட்சம் டோஸ் அளவிலேயே நின்றதில் வியப்பில்லை. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்நாட்டு வைரசைக் கொண்டு திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி 2020-இல் வெளியிடப்பட்டதால் இத்தடை நீங்க வழி பிறந்தது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்கா 1962-இல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, 1978-இல் நோயற்ற நாடானது. நோயுற்ற மந்தைகளை அழித்து, உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கி, தீனிக் கழிவை வேக வைக்கச் செய்ததன் பயன் அது. ஜப்பானில் 1992-க்குப் பின் காணப்படாத நோய் 2018-இல் மீண்டும் தோன்றியது. ஒழிப்புக்குப் பின்னரும் கண்காணிப்பு ஓயலாகாது என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டுவன

ஒருவர் போடும் தடுப்பூசியால் அண்டை வீட்டாரும் பயனடைகின்றனர். ஒருவர் தவறினால் ஊரே இழக்கிறது. எனவே இச்செலவைத் தனிமனிதர் விருப்பத்திற்கு விடலாகாது. மத்திய அரசின் திட்டத்தில் தடுப்பூசிச் செலவு முழுவதும் அரசைச் சார்ந்திருப்பது இக்காரணத்தாலேயே பொருத்தமானது.

ஆயினும் மருந்து கிராமத்தை அடைந்தால் மட்டும் போதாது. நோய்க்குறி கண்டவுடன், கிடைத்த விலைக்குப் பன்றியைச் சந்தையில் தள்ளிவிடுவது ஏழையின் இயல்பான தற்காப்பு. அவ்விற்பனையே நோயை அடுத்த மாவட்டத்திற்குக் கொண்டு செல்கிறது. உண்மையைச் சொன்னால் இழப்பீடு தாமதமின்றிக் கிட்டும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் அவர் மருத்துவரை நாடுவார். அந்த நம்பிக்கையை வளர்ப்பதே ஒழிப்புப் பணியின் முதற்படியாகும்.