புல்மோட்டைக் கருமணலும் குளிரூட்டும் பிளாஸ்டிக்கும்

மொரகஹகந்த அணையில் 25 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்குகிறது. அணை நீரைத் தேக்குவதுபோல மின்னேற்றத்தைத் தேக்குவது மின்தேக்கி.

இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்கடத்தாத ஒரு மெல்லிய படலம்: மின்தேக்கி அவ்வளவுதான். எவ்வளவு தேங்கும் என்பது படலத்தைப் பொறுத்தது. பொலிப்புரொப்பிலீனின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.2, பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானுக்கு அது ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் பீங்கான் நொறுங்கும், உயர் மின்னழுத்தமும் தாங்காது. பிளாஸ்டிக் வளையும், தாங்கும். அதனால் பீங்கானை நனோ துகளாக்கிப் பிளாஸ்டிக்கில் கலக்கிறார்கள். சொல்ல எளிது, செய்யத்தான் பாடு! துகள்கள் திரண்டுவிட்டால் அந்த இடத்திலேயே மின்புலம் குவிந்து படலம் துளைபடும். ஒவ்வொரு துகளுக்கும் மேற்பூச்சு கொடுப்பது அதற்காகத்தான்.

இப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். மின்புலம் கொடுத்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துப் பொருள் சூடேறும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு மின்புலத்தை நீக்கினால் குளிரும். வாயுவும் வேண்டாம், அமுக்கியும் வேண்டாம்.

2006இல் கேம்பிரிட்ஜ் குழு ஒரு பீங்கான் படலத்தில் 12 பாகை மாற்றம் கண்டது. அதுவும் 220 பாகை செல்சியஸுக்கு மேல்! 2008இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் ஏறத்தாழ அதே அளவை 70 பாகையை ஒட்டியே எட்டியது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பேரியம் டைட்டனேட்டுக்கு வேண்டிய டைட்டேனியம் புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைட் கருமணலில் உண்டு. அந்த மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது.