ஒற்றைத் தலைவலியும் ஒதுக்கப்பட்ட மருந்தும்

தலையின் ஒரு பாதியைப் பற்றித் துடிக்கும் வலி, குமட்டல், ஒளியையும் ஓசையையும் பொறாமை ஆகியவற்றோடு வருவது ஒற்றைத் தலைவலி. மனச்சோர்வோ பிறிதொரு நோய். இவ்விரண்டிற்கும் ஒரே மருந்து உதவுமென ஆராய்ச்சியாளர் கருதியது ஏன்? அக்கருத்து எங்ஙனம் முடிந்தது? இவற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

இரு நோய்களையும் இணைத்தது செரற்றோனின் என்னும் இரசாயனப் பொருளாகும். இது 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் குருதியினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது. 1961இல் இத்தாலிய மருத்துவர் சிக்குற்றேரி, தலைவலியின்போது செரற்றோனினின் சிதைவுப்பொருள் சிறுநீரில் மிகுவதைக் கண்டார். 1967இல் சிட்னி ஆய்வாளர், வலி எழும்போது குருதிச் சிறுதட்டுக்களிலுள்ள செரற்றோனின் சடுதியாகக் குறைதலை அறிவித்தனர். ஆயுள்வேத வைத்தியர் நன்கறிந்த சர்ப்பகந்தி வேரினின்று பெறப்படும் றிசேப்பின், செரற்றோனினைக் கலங்களினின்றும் வெளியேற்றுவது. அஃது இந்நோயுடையார்க்கு இத்தகைய வலியை எழுப்பியதும் இக்கருத்தை வலியுறுத்திற்று.

நரம்புக்கலம் தான் வெளிவிட்ட செரற்றோனினை மீள உள்ளெடுப்பதைத் தடுக்குமாறு, சுவீடன் நாட்டு அறிஞர் ஆவிட் கால்சனும் உடனாய்வோரும் ஆக்கியது சிமெலிடீன். இவர் பின்னர், 2000ஆம் ஆண்டில், நோபெல் பரிசு பெற்றார். இம்மருந்து ஒற்றைத் தலைவலியிலும் ஆராயப்பட்டது. 1982இல் மனச்சோர்வு மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆயினும், உண்டோர் சிலரிடத்துக் கைகால்களைத் தளர்த்தும் கில்லன்–பரே என்னும் நரம்புநோய் தோன்றவே, 1983இல் மீளப்பெறப்பட்டது.

மருந்து மறைந்தது, வினா மறையவில்லை. சிறுதட்டுக்கள் செரற்றோனினைத் தாமே ஆக்குவனவல்ல, குருதியினின்றும் உள்ளெடுப்பன. எனவே உள்ளெடுப்பைத் தடுக்கும் மருந்து நாளடைவில் அவற்றையும் வறிதாக்கும். அவ்வறுமையே நோய்க்குக் காரணமாயின், அம்மருந்தை உண்ணும் நோயாளர் ஓயாது தலைவலியால் வருந்தல் வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. மறுதலையாக, மூளையிற் செரற்றோனினைப் பெருக்குதலே பரிகாரமாயின், பின்வந்த இவ்வின மருந்துகள் நோயைத் தடுத்திருத்தல் வேண்டும். பிற்காலத் தொகுப்பாய்வுகளில் அவை வெற்று மாத்திரையினுஞ் சிறந்தனவாகப் புலப்படவில்லை. பழைய அமிற்றிரிப்ரிலீனோ இன்றும் தடுப்பு மருந்தாய் வழங்குகின்றது. அது செரற்றோனினை மாத்திரம் பற்றிச் செயற்படுவதன்று.

1991இல் வழக்கிற்கு வந்த சுமாற்றிறிப்ரான் இச்சிக்கலை ஓரளவு தெளிவாக்கிற்று. அது செரற்றோனினுக்குரிய வாங்கிகளுட் சிலவற்றை மட்டுந் தூண்டி, எழுந்த வலியைத் தணிக்கின்றது. தொடர்பு உண்மையே, தொடர்பின் தன்மையே பிழைபட உணரப்பட்டது. இரண்டு நிகழ்ச்சிகள் உடன் தோன்றுதல் கொண்டு ஒன்றை மற்றதற்குக் காரணமெனத் துணிதல் எளிது. அத்துணிபைச் சோதனையில் நிறுத்திப் பார்த்தலே அறிவியல் என்பதை மாணவர் உளங்கொள்வாராக.