ஐஸ் பெட்டி குளிரவில்லையா? காசை எடுக்குமுன் இதைப் பாருங்கள்

"ஐஸ் பெட்டி குளிரலீங்க. ஆள் வந்து பார்த்தாரு, கம்பிரஸர் போச்சுன்னு சொல்லிட்டாரு." ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கத்துத் தோட்டங்களில் இப்படி ஒரு பேச்சு புதிதல்ல. அவர் கேட்கும் தொகை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆகவே 400 வெள்ளி என்பது ஆறு நாள் உழைப்பு. அதைக் கொடுக்குமுன் பெட்டிக்கு என்ன நோய் என்று நாமே கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஐஸ் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் பின்னால் உள்ள கறுப்புக் கம்பிகள் சுடுகின்றன. புது மாதிரிப் பெட்டிகளில் பக்கத் தகடு சுடும். அது கோளாறு அல்ல. சூடு வெளியே போக வழியில்லை என்றாலும், வெளிச்சூடு உள்ளே புகுந்தாலும் பெட்டி குளிராது.

நாமே பார்க்க வேண்டியவை

முதலில் கதவைத் திறந்து விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் பிளக்கையும் சுவிட்சையும் கவனியுங்கள். விளக்கு எரிந்தும் குளிரவில்லை என்றால், குளிர் அளவு திருகியைப் பிள்ளைகள் திருப்பி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்து, பெட்டி நிற்கும் இடம். லயத்து வீட்டில் இடம் குறைவு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும், வெயில் விழும் இடத்திலும் வைக்கக் கூடாது. பின்கம்பியில் தூசியும் எண்ணெய்ப் புகையும் படிந்திருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள்.

மூன்றாவது, கதவு ரப்பர். இந்தப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஓடுகிறது. வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரால் ரப்பரைக் கழுவித் துடையுங்கள். கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

நான்காவது, ஐஸ். ஒரு கதவுப் பெட்டியில் ஐஸ் அரை விரல் தடிப்புக்குக் கட்டிவிட்டால் பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துத் தானாகக் கரையவிடுங்கள். கத்தியால் குத்துவது பெரிய தவறு. தகட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் உள்ளிருக்கும் வாயு போய்விடும். அப்புறம்தான் நிஜமாகவே பெரிய செலவு. புதுப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்ற வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே மெழுகுவத்தி, அடுப்பு எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு கதவுப் பெட்டியில் மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே மட்டும் குளிரவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிக் கதவுகளை ஓர் இரவு திறந்துவையுங்கள். மறுநாள் நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் மறுபடியும் பழையபடி ஆனால், பெரும்பாலும் ஐஸைக் கரைக்கும் உறுப்பில் கோளாறு, கம்பிரஸரில் அல்ல. பழுது பார்ப்பவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

உள்ளே தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் அடியில் உள்ள சின்னத் துவாரம் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அடைப்பை எடுங்கள்.

பெட்டியா, லயத்துக் கம்பியா?

சில நிமிடத்துக்கு ஒருமுறை "டக்" என்று சத்தம் வந்து, மோட்டார் ஓடாமல் நின்றுபோகிறதா? கம்பிரஸர் பக்கத்தில் உள்ள சிறிய ரிலே பழுதாகியிருக்கலாம். அதன் விலை கம்பிரஸரைவிட மிகக் குறைவு. அல்லது மின்சாரம் பலவீனமாக வரலாம்.

வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். மாலையில் எல்லா வீட்டிலும் சோறு பொங்கும் நேரத்தில் விளக்கு மங்குகிறதா, அடுத்த வீட்டிலும் இதே கதையா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் பெட்டியை மாற்றிப் பயனில்லை. கோளாறு கம்பியில் இருக்கிறது.

தோட்டம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். தாமான் வீட்டில் சொந்த மீட்டர் வைத்திருப்பவர்கள் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லலாம்.

பெட்டியைத் தொட்டால் 'சுருக்' என்று மின்சாரம் அடிக்கிறதா? உடனே மெயின் சுவிட்சை அடைத்து, லைசென்ஸ் உள்ள மின்தொழிலாளியை அழையுங்கள். "கொஞ்சமாத்தானே அடிக்குது" என்று விடாதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அதுவே உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போனால்

இடி மழையில் கரண்ட் போனால் பெட்டியை அடைத்துவிடுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துத் திறங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் உணவு நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் மீன், இறைச்சி, தேங்காய்ப்பால் குழம்பை வாசனை பார்த்து நம்பக் கூடாது. கெட்டதெல்லாம் நாறாது.

இனிப்புநீர் நோயாளிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் அறையில் வைத்து உறைந்துபோன மருந்தைப் போடவே கூடாது. பெட்டி நின்றுபோனால் கிளினிக்கில் கேட்டுவிட்டு மருந்தை உபயோகியுங்கள்.

ஏமாந்தால் எங்கே போவது?

பழுது பார்க்க ஆள் வந்தால் முன்கூட்டியே விலை கேளுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் என்ன மாற்றினார், எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் போனால் நம் நியாயத்தைக் காட்ட வழி இருக்காது.

வேலை சரியில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

அக்கம்பக்கத்தில் படிக்க முடியாத பெரியவர்கள் இருந்தால், சகோதரர்களே, தாய்மார்களே, இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.