வண்டி ஒன்றுதான்... உள்ளே இருக்கும் நம்பர் ஒன்றா?

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகையையும் காய்கறியையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மாட்டுத்தாவணிக்கு ஓடும் பிக்கப் வண்டிகளில், டீசலை அளந்து விடுவது இன்று இ.சி.யூ. என்கிற சின்னக் கம்ப்யூட்டர்தான். 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்ததிலிருந்து அவற்றிலும் இது ஏறிவிட்டது. ‘இழுவை கூடும், மைலேஜ் கூடும்’ என்று சொல்லி இதற்குள் கைவைப்பதற்குப் பெயர்தான் டியூனிங்.

இ.சி.யூ-வுக்குள் இருப்பதெல்லாம் வெறும் எண்கள். எது டீசல் அளவு, எது டர்போ அழுத்தம் என்று அதில் எழுதியிருக்காது. அதைக் காட்டிக்கொடுப்பது ‘டெஃபனிஷன் ஃபைல்’. நிலத்துக்குப் புல வரைபடம் எப்படியோ, இதற்கு அது. சர்வே எண் 112/2-ன் வரைபடத்தை வைத்துக்கொண்டு 112/3-ல் கல் நட்டால் என்ன ஆகும்? பக்கத்து வயல்தான், பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் வரப்பு தப்பிவிடும்.

ஒரே மாடல், ஒரே ஆண்டு வண்டிகள் இரண்டில்கூட உள்ளிருக்கும் ‘காலிபரேஷன்’ வேறாக இருக்கலாம். சர்வீஸில் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தாலும் மாறலாம். அப்போது எண்கள் இடம் தள்ளி உட்கார்ந்துவிடும். ஃபைல் அடியோடு பொருந்தாவிட்டால் திரையில் எல்லாம் தாறுமாறாகத் தெரியும்; டியூனர் உஷாராகிவிடுவார். கொஞ்சமாகத் தள்ளியிருந்தால்தான் வினை. பார்வைக்குச் சரியாக இருக்கும். டீசல் அளவு என்று நினைத்து அவர் கூட்டுவது வெப்ப சென்சாரின் கணக்காகக்கூட இருக்கலாம். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். ஓடினால் கரும்புகை, சூடு, கடைசியில் டர்போவுக்கோ பிஸ்டனுக்கோ செலவு.

இ.சி.யூ. மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது. பிறகு சாஃப்ட்வேர் மாறியிருந்தால் அதில் தெரியாது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் காலிபரேஷன் நம்பர் வரும். அதே நம்பருக்கான ஃபைல்தானா என்று கேட்க வேண்டும். வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலின் நகலைப் பென் டிரைவில் வாங்கி வைக்க வேண்டும். இதற்குத் தயங்குபவரிடம் சாவியைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

சட்டமும் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உரிமையாளருக்குத்தான். வாரன்டியும் போகலாம். இழுவை குறைந்த வண்டிக்கு முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்கலாம்; பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டிராக்டரில் இ.சி.யூ-வே கிடையாது. அதற்குக் ‘கம்ப்யூட்டர் டியூனிங்’ செய்கிறேன் என்று யாராவது வந்தால், திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.