வித்த வண்டிக்கு வந்த ஃபைன்

தேவிபட்டினம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். நவபாஷாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ், சவுதி போகிறவர்களுக்கு டிக்கெட் பிரிண்ட், பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று ஓடிய கடையில் இப்போது பாதி வேலை வண்டி வேலை. பரிவாகன் தளத்தில் பேர் மாற்ற வேண்டும், எஃப்.சி.க்குப் பணம் கட்ட வேண்டும், அபராதம் பார்க்க வேண்டும்.

போன மாதம் மீன் ஏற்றிப் போகிற தம்பி ஒருவன் போனை நீட்டினான்.

"அக்கா, இந்த எக்ஸ்.எல்.லை வித்தே ரெண்டு வருசமாச்சு. ஹெல்மெட் போடலைன்னு எனக்கு ஆயிரம் ரூவா ஃபைன் வந்திருக்கு."

"யாருகிட்ட வித்தே?"

"பழைய வண்டி கன்சல்டிங்ல குடுத்தேன். அவரு யாருக்குக் குடுத்தாரோ. 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுத்தானக்கா குடுத்தேன்."

"தேதி போட்டியா?"

"வேணாம்னுட்டாரு."

தேதி வேண்டாம் என்பதில் காரியம் இருக்கிறது. தேதி இல்லாத 29-ஆம், 30-ஆம் படிவங்கள் வண்டியோடு கை மாறிக்கொண்டே போகும். நடுவில் வாங்கி விற்பவர் எவர் பேரும் ஆர்.சி.யில் ஏறாது. அப்படி மிச்சம் பிடிக்கும் தொகை எவ்வளவு தெரியுமா? பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300 ரூபாய், பேர் மாற்ற அதில் பாதி, 150. ஸ்மார்ட் கார்டுக்கு 200. சேவைக் கட்டணம் தனி. என் கூலியையும் சேர்த்தாலும் இரண்டு பெட்ரோல் டேங்க் செலவு வராது.

29-ஐ வாங்குகிறவருக்குக் கொடுக்கும் ரசீது மாதிரி எல்லோரும் நினைக்கிறார்கள். விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லும் தகவல் அது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, விற்ற 14 நாளுக்குள் அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு விற்றவருடையது. அதன் நகல்தான் வாங்கியவருக்குப் போக வேண்டும். வெளிமாநிலத்தில் பதிவான வண்டி என்றால் 45 நாள் அவகாசம். பேர் மாற்ற விண்ணப்பிக்க வாங்கியவருக்கு 30 நாள். ஆக முதல் கடமை விற்றவர் தலையில் விழுகிறது. நம்மூரில் விற்றவர் காசை எண்ணி வாங்கியதும் கடமை முடிந்ததாகப் போய்விடுகிறார்.

ஹெல்மெட் ஃபைன் போகட்டும். விபத்து நடந்தால்? 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். ஒருவர் 2007-இல் காரை விற்றுவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு கார் பல கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் பேர் அவருடையதே. 2009-இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். வண்டிக்கு இன்சூரன்சும் இல்லை. பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது கோர்ட் சொன்ன காரணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சிலர் விவரமாக டெலிவரி நோட் எழுதி வைத்திருப்பார்கள். இன்ன தேதி, காலை 10.30 மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன், இதற்குப் பின் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல என்று பத்திரத்தில் இருக்கும். எழுதி வைப்பது நல்லதுதான், போலீஸ் கேட்டால் காட்டலாம். ஆனால் அந்தத் தாள் ஆர்.சி.யில் உள்ள பேரை அழிக்காது.

அடுத்து வரி. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, பழைய வண்டி விற்றால் 18 சதவீத வரி என்று வாட்ஸ்அப்பில் ஒரே கூச்சல். பயந்துபோய் என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். வீட்டில் ஓட்டிய வண்டியை நீங்கள் இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் தொழிலுக்காக வைத்திருக்கும் வண்டியை விற்றால்தான் அந்த 18. அதுவும் முழு விலைக்கு இல்லை, லாபத்துக்கு மட்டும். நாற்பதாயிரத்துக்கு வாங்கி நாற்பத்தெட்டாயிரத்துக்கு விற்றால் எட்டாயிரத்துக்கு வரி, 1,440 ரூபாய். நஷ்டத்துக்கு விற்றால் வரி இல்லை. சொந்தக் காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரியும் வராது.

வரி நிஜமாகவே கடிப்பது காரைக்கால், புதுச்சேரி வண்டிகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே வந்துவிடும் பி.ஒய். நம்பர் கார்களுக்கு விலை குறைவாகத் தெரியும். அங்கே சாலை வரி கம்மி. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு புதுக் காருக்கு ஆயுள் வரி 12 சதவீதத்தில் தொடங்கி, 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் வரை. பழைய கார் என்றால் வயதுக்குத் தக்கபடி குறையும், அவ்வளவுதான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "சல்லிசா முடிஞ்சது" என்று வருகிறவரிடம் நான் கால்குலேட்டரை எடுத்தால் முகம் மாறிவிடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. சென்னை நம்பர் நம்ம டி.என். 65-க்கு வந்தாலும் நம்பர் மாறாது, ஆயுள் வரி மறுபடி கிடையாது.

வெளிமாநில வண்டிக்கு என்.ஓ.சி. கேட்கும் 28-ஆம் படிவத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். மெல்லிய தாளை நம்பர் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து மேலெழும். உப்புக்காற்றில் நிற்கிற கடலோர வண்டியில் அவ்வளவு லேசில் எழாது. துரு ஏறி 8 எது, 3 எது என்றே தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் நிதானமாகத் துடைத்து எடுப்பார் எங்கள் மெக்கானிக். உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் நம்பரையே திருத்தியதாகச் சந்தேகம் வரும். அதனால் வண்டி வாங்கும்போது டயரைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பரைப் படியுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் வாங்கியவர் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சேர்ந்தது, வண்டியோடு போகாது. ஃபைனான்ஸ் வண்டி என்றால் 35-ஆம் படிவமும் கம்பெனியின் என்.ஓ.சி.யும் கைக்கு வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வண்டி இங்கே, ஆர்.சி.யில் பேர் உள்ளவர் சவுதியில், தம்மாமில். லீவு முடிந்து கிளம்பும்போது வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "காக்கா, விக்கிறதா இருந்தா இருக்கும்போதே வித்துட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உரிமையாளர் இறந்துபோனால் வேலை வேறு. 31-ஆம் படிவம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். 2021-இல் வந்த திருத்தத்தால் ஆர்.சி.யிலேயே நாமினி பேரைச் சேர்க்கலாம். புதுசாகப் பேர் மாற்ற வருகிறவர்களிடம் அந்தக் கட்டத்தைக் காட்டி, "வீட்டுக்காரம்மா பேரைப் போடவா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் ஆதார் கார்டை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்.