ஏடு தரும் சாட்சி – 9: டிசம்பர் 29-இல் ஒரு பெயர்

தங்கம் வைத்த பழைய செபநூல் ஏடு ஒன்று கைக்கு வந்தால் கண் முதலில் தங்கத்தில்தான் நிற்கும். நிற்கட்டும். பதினைந்தாம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகள் அதற்காக உழைத்த உழைப்பு அப்படி. சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்ப்பார்கள். தங்கம் ஏட்டைவிட்டுப் புடைத்து மின்னும். வண்ணம் அதற்குப் பிறகே. முந்தித் தீட்டினால் ரேக்கு அதிலும் ஒட்டிக்கொள்ளும், தேய்ப்பில் வண்ணமும் கலைந்துவிடும்.

அடுத்து, ஏடாகப் பதப்படுத்தப்பட்ட விலங்குத் தோலைப் பார்க்க வேண்டும். மயிர் இருந்த பக்கம் மஞ்சளோடி, நுண்புள்ளிகளுடன் இருக்கும். சதைப் பக்கம் வெளுத்திருக்கும். நூல் கட்டும்போது ஒரே வகைப் பக்கங்கள் எதிரெதிரே வரும்படி அடுக்குவது வழக்கம். அதனால், தொலைந்துபோன எதிர்ப்பக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதைக்கூட ஒற்றை ஏட்டை வைத்து ஊகிக்கலாம்.

ஆனால் ஏடு யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் தங்கமும் தோலும் அதிகம் பேசா. அதற்கு நாட்காட்டி ஏடு வேண்டும். படம் நிறைந்த பக்கங்களைவிட அதையே நான் உயர்வாக மதிக்கிறேன். இடது ஓரத்தில் ஒன்று முதல் பத்தொன்பது வரையிலான ரோமன் எண்கள்: சூரியனும் சந்திரனும் 19 ஆண்டுக்கொருமுறை ஏறத்தாழ ஒத்துவரும் கணக்கை வைத்து அமாவாசையைக் கண்டுபிடிக்க. அதையடுத்து, ஞாயிற்றுக்கிழமையை அறிய ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள். அப்புறம் புனிதர்களின் பெயர்கள். சாதாரண நாள் கறுப்பில், பெரிய திருநாள் சிவப்பில். செலவுக்கு அஞ்சாத பாரிஸ் நூல்களில் பெருநாள்கள் தங்கத்தில் வரும். மற்றவை சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும்.

ஜனவரி 3-இல் புனித ஜெனவியேவ் தங்கத்தில் எழுதப்பட்டிருந்தால், அது பாரிஸ் நகரத்துக் காவல் புனிதையை நேசித்தவர்களின் நாட்காட்டி என்று கொள்ளலாம். உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. எழுதிய ஊர் ஒன்று, செபித்த ஊர் வேறொன்று என்பது அந்தக் காலத்தில் சகஜம். பிளாண்டர்ஸின் புரூஜ் நகரப் பட்டறைகள் இங்கிலாந்துக்காரர்களுக்கென்றே, சாலிஸ்பரி வழிபாட்டு முறைப்படி, செபநூல்களைச் செய்து கப்பலேற்றின.

அப்படிப்பட்ட நூலின் டிசம்பர் ஏட்டில் நான் தேடுவது 29-ஆம் தேதியை. கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கட், 1170-இல் அந்த நாளில் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியோடு கொண்ட பகைக்காக அவனுடைய வீரர்கள் செய்த கொலை. மூன்றே ஆண்டுகளில் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. 1538-இல் எட்டாம் ஹென்றி அவரைத் துரோகி என்று அறிவித்து, எல்லா நூல்களிலிருந்தும் அவர் பெயரை நீக்க ஆணையிட்டான். வீட்டுச் செபநூலுக்கும் அந்த ஆணை பொருந்தியது.

ஆணைக்குப் பணிந்த விதத்தில்தான் மனிதர்கள் தெரிகிறார்கள். ஒருவர் தோல் மெலியும்வரை கத்தியால் சுரண்டியிருக்கிறார். இன்னொருவர் மெல்லிய கோடு ஒன்றை மட்டும் இழுத்துவிட்டிருக்கிறார்; பெயர் அடியில் முழுதாக வாசிக்கக் கிடைக்கிறது. அந்தக் கோட்டை இழுத்தவர் சட்டத்துக்கும் கணக்குக் காட்டினார், புனிதரையும் கைவிடவில்லை என்றே நான் நம்புகிறேன்.

சுரண்டலுக்குத் தப்பிய நூல்கள் பின்னாளில் வணிகத்துக்குத் தப்பவில்லை. கிளீவ்லாந்து நகரில் கலை கற்பித்த ஆட்டோ ஈகே (1888–1951), இடைக்கால நூல்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். எளிய பள்ளிக்கும் ஓர் ஏடு கிடைக்கட்டும் என்பது அவர் வாதம். அதை என்னால் ஏற்க முடியவில்லை: டிசம்பரை மற்ற பதினொரு மாதங்களிலிருந்து பிரித்தபின், அந்த வீட்டார் ஜூலை 7-இல் பெக்கட்டின் இன்னொரு திருநாளை என்ன செய்தார்கள் என்று எங்கே போய்க் கேட்பது?

ஈகேயின் நூல்களிலிருந்து, பெட்டிக்கு 50 ஏடுகளாக, 40 பெட்டிகள் உருவாயின. எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் பெற்ற ஏடுகள் பெரும்பாலும் ஒரே நூலைச் சேர்ந்தவை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் இன்று கிளம்புகிறார்கள். 1942-இல் விற்கப்பட்டுச் சிதைக்கப்பட்ட போவே நகரத் திருப்பலி நூலின் ஏடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படித் தேடிக் கண்டறியப்பட்டுள்ளன. வரி எண்ணிக்கை, எழுத்துப்பரப்பின் அளவு, வாக்கியம் அறுபடும் இடம் ஆகியவற்றைக் கொண்டு அவற்றை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)